எத்தனை வயசுக்கு மேலே?

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்காக மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்திவருகிறோம். ஒரு கரும்பலகை, இரண்டு ட்யூப்லைட், யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர். விசைத்தறிக்கும் கொத்தனார் வேலைக்கும் பூக்கட்டவும் போகிற சனங்களின் பிள்ளைகள் வருகிறார்கள். சனிக்கிழமை கணக்குப் பாடம் முடிந்ததும் ஏதாவது ஒரு படம் போடுவது வழக்கம். 2025 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்.

“யக்கா, விடுதலை ரெண்டாம் பாகம் வந்துருச்சாம். நம்ம இதுல போடுவீகளா?”

“அது ‘ஏ’ படம்லே. பதினெட்டு வயசு ஆகணும்.”

“மொதப் பாகம் பாத்துட்டமே.”

“எங்க பாத்த?”

“செல்லுலதான்.”

“அதுவும் ‘ஏ’தான். பாத்துருக்கக் கூடாது.”

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: “அதுல போலீசு அடிக்கதுதானக்கா வருது. எங்க சித்தப்பாவ அடிக்கும்போது நாங்க எல்லாரும் திண்ணைலதான நின்னோம். எங்கள உள்ள போகச் சொல்லி ஒருத்தரும் சொல்லலையே?”

அவன் குறையாகச் சொல்லவில்லை. விவரம் கேட்டான். அங்கே ஏன் ஒருவரும் சொல்லவில்லை, இங்கே ஏன் சொல்கிறார்கள் என்று நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து, பத்துப் பதினைந்து வருசமாக மேடையில் பேசிவருகிற எனக்குப் பதில் வரவில்லை. “வீட்டுப்பாடம் முடிச்சியாலே?” என்று பேச்சை மாற்றிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தொடக்கத்தில் இருந்தவை இரண்டே முத்திரைகள். எல்லாரும் பார்க்க ‘யு’, வயது வந்தோர் மட்டும் பார்க்க ‘ஏ’. 1983இல் நடுவே ‘யு/ஏ’ வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா என்று பெற்றோர் யோசித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். குறிப்பிட்ட தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் என்று ‘எஸ்’ ஒன்றும் உண்டு. ‘தணிக்கை வாரியம்’ ‘சான்றிதழ் வாரியம்’ ஆனதும் அதே வருசம்தான். நம் சனங்க வாயில் இன்றைக்கும் அது சென்சார்தான். 2023 ஆகஸ்டில் வந்த திருத்தச் சட்டம் ‘யு/ஏ’வை ஏழு வயசுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தது. அதோடு முக்கியமான ஒன்றையும் சொன்னது. இந்த ‘யு/ஏ’ வயசுக் குறிப்பு பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்தான். வேறு யாரும் அதை வைத்துக்கொண்டு கட்டாயப்படுத்த முடியாது.

இந்த வரி சட்டத்துக்குள் வருவதற்கு நாலு மாதம் முன்னால் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் 30. சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் ‘பத்து தல’ முதல் நாள். நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு வாசலில் நின்றது. டிக்கெட் கிழிக்கிறவர் உள்ளே விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்து நியாயம் கேட்டார்கள், ஊர் பூராவும் பரவியது, பிறகு உள்ளே விட்டார்கள். நிர்வாகம் தந்த விளக்கம் என்ன? படம் ‘யு/ஏ’ சான்றிதழ் பெற்றது, பன்னிரண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சட்டப்படி விட முடியாது, வந்த பிள்ளைகளுக்கு 2, 6, 8, 10 வயசு. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. அது அப்பா அம்மாவை யோசிக்கச் சொன்னது. அந்த அப்பா அம்மாவோ யோசித்து, காசு கொடுத்து, டிக்கெட் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

‘யு/ஏ’ படத்துக்குக் கைக்குழந்தையோடு போகாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? தூக்கம் வராத பிள்ளைக்கு இடைவேளையில் பால் ஆற்றிக் கொடுப்பதை எல்லாத் தியேட்டரிலும் பார்க்கிறோம். அங்கெல்லாம் ஏறாத சட்டம் இந்த வாசலில் மட்டும் ஏன் ஏறுகிறது? முன்பெல்லாம் ‘நீ இந்தச் சாதி, வராதே’ என்றார்கள். இப்போது அப்படிச் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. (இதிலும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஊழியர்கள் மீது வழக்குப் பதிவானது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். மூன்று மாதம் முந்தி நடந்திருந்தால் அந்த வழக்குக்கும் வழியில்லை.) ஆகவே தீட்டு இப்போது விதிமுறையின் பாஷையில் பேசக் கற்றுக்கொள்கிறது. ‘பிள்ளைகளின் நன்மைக்காகத்தான்’ என்கிறது. நரிக்குறவரின் பிள்ளைகள் மனசு கெட்டுப்போகக் கூடாதே என்று அவ்வளவு கரிசனம்!

பிள்ளைகளின் மனசு பற்றி இந்தச் சமூகத்துக்கு இருக்கிற கரிசனத்தை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்தோம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனிமேல் பண்டம் கிடையாது, போய் வீட்டில் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை வீடியோவாக எடுத்துப் பெருமையாகப் பரப்பவும் செய்தார்கள். பிறகு கைது, கடைக்குச் சீல், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு, எல்லாம் நடந்தது. நடந்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பாருங்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அதுகளுக்குத் தெரியவில்லை. அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. எந்த வயசுக்கு மேலே என்று அதன் மேல் எழுதியிருக்கவில்லை. அதில் நடித்தவர்களுக்கு எத்தனை வயசு என்றும் யாரும் கேட்கவில்லை.

வயசுச் சான்றிதழ் என்கிற ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு குழந்தை இருக்கிறது. அது ஒன்றும் அறியாத குழந்தை. உலகம் அதன் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ரத்தம், வன்சொல், அவமானம் எல்லாம் திரை வழியாகத்தான் அந்தக் குழந்தையிடம் வந்து சேர முடியும். ஆகவே திரையை மறைத்துவிட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். இந்தக் குழந்தை பொய் என்று நான் சொல்லவில்லை. சில தெருக்களில் இருக்கிறது. நம் தெருவில் இல்லை. இங்கே பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயசு எது என்பதை அப்பாவோ அம்மாவோ தீர்மானிப்பதில்லை. டீக்கடைக்காரர் தீர்மானிக்கிறார், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு தீர்மானிக்கிறது, ராத்திரி வருகிற ஜீப்பு தீர்மானிக்கிறது.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தொடங்கிக் குழந்தைமையைப் பத்துப் பருவமாகப் பிரித்து, எந்த மாதத்தில் தவழும், எந்த மாதத்தில் கைகொட்டும், எப்போது நிலாவைக் கூப்பிடும் என்று கணக்குப் பார்த்துப் பாடுகிற மரபு. உலகத்தில் வேறு எந்த மொழிக்கு இப்படி உண்டு என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வார்கள். யாருக்குப் பாடினார்கள்? ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பாடினார். குமரகுருபரர் மீனாட்சிக்குப் பாடினார். ராசாவுக்கும் சாமிக்கும்தான் பருவம் பருவமாகக் குழந்தைமை இருந்தது. வரப்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நாற்று நட்டவளின் பிள்ளைக்கு எந்தப் புலவன் செங்கீரைப் பருவம் எண்ணினான்?

அண்ணல் அம்பேத்கர் எழுதியிருப்பதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். 1901இல், ஒன்பது வயசு வாக்கில், அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடுப்பு, பளிச்சென்ற தொப்பி. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. வண்டிக்காரன் ஓட்ட மாட்டேன் என்கிறான். இரண்டு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி பூராவும் கிடக்கிறார்கள். அன்றைக்கு அவருக்குக் காட்டப்பட்டது எந்தச் சான்றிதழுக்கு உரியது? அதை எழுத அவருக்கு நாற்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது. பார்க்க ஒன்பது வயசு போதுமாயிருந்தது.

இனி வாரியம் எதைக் கண்டு பயப்படுகிறது, எதைக் கண்டு பயப்படுவதில்லை என்பதற்கு வருவோம். 1969இல் கே.ஏ. அப்பாஸ் என்கிற பெரிய எழுத்தாளர் உச்ச நீதிமன்றம் போனார். நாலு பெரிய நகரங்களின் பளபளப்பையும் அங்கே கிடக்கிற ஏழைகளின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எடுத்த சின்ன ஆவணப் படத்துக்கு முதலில் ‘ஏ’ கொடுத்திருந்தார்கள். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெரு அதில் இருந்ததுதான் சிக்கல். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

அடுத்தது நம்முடைய கதை. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்று ஒரு படம். பிராமணப் பெண்ணொருத்தி ‘கருப்பாயி’ என்ற பெயரில் ஆதிதிராவிடச் சாதிச் சான்றிதழ் வாங்கி அதிகாரியாகிறாள். சாதியை வைத்து இடஒதுக்கீடு தரலாமா என்று படம் கேட்கிறது. வாரியத்துக்குள்ளேயே சண்டை நடந்து, மறுஆய்வுக் குழுவில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ‘யு’ கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ‘யு’வை ரத்து செய்தது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காக ஒரு கருத்தை நசுக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. நாளைக்கு நம் படத்துக்கும் அது வேண்டும். என் கேள்வி வேறு. காட்டலாம் என்பது ஒன்று, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க உகந்தது என்பது இன்னொன்று. உன் அண்ணன் வாங்குகிற ஸ்காலர்ஷிப் இன்னொருத்தன் சொத்து என்று ஏழு வயசுப் பிள்ளையிடம் சொல்கிற படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆகவே ‘யு’. முப்பத்திரண்டு வருசம் கழித்து ‘ஜெய் பீம்’ வருகிறது. 1993இல் ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதற்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய வழக்கை வைத்து எடுத்த படம். அதற்கு ‘ஏ’. நம்மை இழிவாக நினைக்கச் சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளுக்கு ஆகும். அந்த இழிவு ஒரு உடம்பை என்ன செய்கிறது என்று காட்டினால் ஆகாது.

இதில் அவசரப்பட்டு முடிவுக்குப் போய்விடக் கூடாது. ‘ஜெய் பீம்’ லாக்கப் காட்சிகளை என்னாலேயே முழுசாகப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வாரியத்தில் இருப்பவர்கள் எல்லாம் சாதி வெறியர்கள், அதனால்தான் ‘ஏ’ கொடுத்தார்கள் என்று மேடையில் பேசினால் கைதட்டு கிடைக்கும், உண்மையாக இருக்காது. எங்கள் படிப்பகத்தில் இதைப் பற்றிப் பேசத் தாய்மாரைக் கூப்பிட்டோம். ஒரு அம்மா சொன்னார்: “எம்புள்ள அந்த மொதப் பாகத்தச் செல்லுல பாத்துட்டு ராத்திரியெல்லாம் ஒளறுதான். நாங்க பட்டது போதாதா, அத வேற படமா காட்டணுமா?” இன்னொரு அம்மா விடவில்லை. “ஒளறட்டும்த்தா. நம்ம எதுக்கு அடிவாங்குனோம்னு தெரியாம வளந்தா அவன் நம்மளயே கேவலமா நெனப்பான்.” இருவரும் கூலிக்குப் போகிறவர்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச் கடைசியில் ‘விடுதலை’ முதல் பாகம் வந்தபோது சென்னைத் தியேட்டர் ஒன்றில் இதே வழக்குதான் நடந்தது. பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைப் போலீஸ் வெளியேறச் சொன்னது, ஒரு பெண் எழுந்து எதிர்த்து வாதாடினார், அவர் மேல் வழக்குப் போட்டார்கள். ரோகிணி வாசலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது நிஜமாகவே ‘ஏ’ படம். பிள்ளைகளை விட்டால் சட்டப்படி மாட்டுவது தியேட்டர்காரர். ஆனாலும் போலீஸ் அடிப்பதைக் காட்டுகிற படத்தைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சொல்லப் போலீசே வந்ததை என்னவென்று சொல்வது?

சான்றிதழில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் கதை முடிந்தது என்று நினைக்கிறது. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டினார்கள். இரண்டாவது படம் ‘தேவர் மகன்’. 1992 தீபாவளிக்கு வந்து, தேசிய விருதெல்லாம் வாங்கிய படம். நம் தெருப் பயல்களும்தான் விசிலடித்தார்கள். நானும் கைதட்டினேன். சிவாஜி சாகும்போது அழுதேன். அருவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்றுதான் படம் முடிகிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் படத்தின் முடிவு தியேட்டரிலேயே தங்கிவிட்டது. வெளியே வந்தது மீசையும் பாட்டும்தான். அடுத்த வருசம் ஒரு ஊர்வலம் எங்கள் தெருமுனையைத் தாண்டியபோது லவுட் ஸ்பீக்கரில் அதே பாட்டு. அப்பா எங்களை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ஆடிக்கொண்டு போனவர்களில் என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த பையனும் இருந்தான், அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு. எனக்குத் தெரிந்து அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் அதுதான். எந்த வாரியமும் அதைப் பார்க்கவில்லை.

கமல்ஹாசன் 2018இல் ‘தேவர் மகன்’ இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாகச் சொன்னார். புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி சாதிப் பெயரில் படம் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். அப்போது நம் இளைஞர்களிலேயே சிலர் கேலி செய்தார்கள், ஒரு தலைப்புக்கு இவ்வளவு சத்தமா என்று. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியதையும் அதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களில் நடந்த வெட்டுகுத்தையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது வெறும் தலைப்பு இல்லை. ஒரு படம்தான் இத்தனைக்கும் காரணம் என்று சொல்வது மூடத்தனம். சாதி சினிமாவுக்கு முந்தியது. ஆனால் வெறிக்கு ஒரு ராகம் கிடைத்தது, ஒரு நடை கிடைத்தது. அது குழந்தைகள் பாடக்கூடிய ராகமாக இருந்தது.

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. 2023இல் மாரி செல்வராஜ் ‘மாமன்னன்’ எடுத்தார். ‘தேவர் மகன்’ பார்த்துத் தனக்குள் ஏற்பட்ட வலியைக் கமலை மேடையில் வைத்துக்கொண்டே சொன்னார். அதில் வருகிற இசக்கி மாமன்னன் ஆனால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்தப் படம் என்றார். இரண்டிலும் வடிவேலு. முதல் படத்தில் கை வெட்டுப்பட்டு ஓரமாகச் சிரித்துக்கொண்டு நின்றவர், இதில் நாற்காலியில் உட்காரலாமா என்பதே கதையாகிறது. நடுவே முப்பது வருசம். முதல் படத்தைப் பிள்ளையாக இருக்கும்போது பார்த்து மனசு நொந்த ஒருவர் வளர்ந்து வந்து அடுத்த பாகத்தை எழுத வேண்டியிருந்தது. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது தனிப் பேச்சு. பிற்பாதி எனக்குத் திருப்தியில்லை.

‘மாமன்னன்’ வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற தலித் மாணவனையும் அவன் தங்கையையும் ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள், பதினெட்டு நிரம்பாதவர்கள். சட்டப்படி ‘ஏ’ படத்துக்கு டிக்கெட் வாங்கும் வயசு அவர்களுக்கு இல்லை. அந்தப் பையன்களுக்கு அருவாளை யார் காட்டிக் கொடுத்தது, எந்த வயசில்? கையில் கலர்க் கயிறு எந்த வகுப்பில் கட்டினார்கள்? இதை விசாரித்துப் பரிந்துரை சொல்லத் தமிழ்நாடு அரசு நியமித்தது ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை. எவருடைய வழக்கைப் பிள்ளைகள் படமாகப் பார்க்கக் கூடாது என்று சான்றிதழ் சொல்கிறதோ, அவரேதான் பிள்ளைகளின் கைக்கயிறு பற்றி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்கள் பள்ளிக்குள் வரக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றது அறிக்கை. பொட்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் கூச்சல் போட்டார்கள்.

எங்கள் படிப்பகத்துக்குத் திரும்பி வருகிறேன். ‘விடுதலை’ இரண்டாம் பாகத்தைப் போடவில்லை. பொது இடத்தில் போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அந்த முதல் அம்மாவின் முகம் இன்னொரு காரணம். அதற்குப் பதிலாகத் தெருக் கடைசி வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டோம். தொண்ணூறுகளில் அவர் வாழ்க்கைப்பட்ட ஊரில் போலீஸ் புகுந்து அடித்தபோது அவரும் அடிவாங்கியவர். “பிள்ளைகளுக்குச் சொல்லுங்க ஆச்சி” என்றேன். “சின்னஞ்சிறுசுகள்ட்ட என்னத்தச் சொல்ல?” என்று தயங்கினார். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வந்தார்.

வந்து உட்கார்ந்ததும் முதலில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பதின்மூன்று வயசுப் பையன் ஒருவனை, “நீ வீட்டுக்குப் போய்யா ராசா, இன்னைக்கு வேண்டாம்” என்று அனுப்பிவைத்தார். அவன் அப்பா செத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. எட்டு வயசுப் பெண்ணொருத்தியைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். “அவ இருக்கட்டும், அவ தாங்குவா” என்றார்.

பிறகு சொன்னார். விடியக்காலை வண்டிகள் வந்தது, ஆம்பளைகள் காட்டுக்குள் ஓடியது, அரிசியில் மண்ணெண்ணெய் ஊற்றியது, பானைகளை உடைத்தது, அவர் முதுகில் விழுந்த அடி. அழாமல் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். நாங்கள் அந்த நிகழ்ச்சியைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவோம். எல்லாரும் தலையைக் குனிவார்கள்.

“அப்புறம்?” என்றான் அந்த ஆறாம் வகுப்புப் பையன்.

ஆச்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருசத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் கேட்டதில்லை.

“அப்புறமென்ன? கோர்ட்டுக்கு அலஞ்சோம். நாலு மணிக்கு எந்திச்சு கஞ்சி காச்சி வச்சிட்டு பஸ்ஸ பிடிச்சுத் திருநவேலிக்குப் போவோம். போனா வாய்தாம்பாங்க. திரும்பி வருவோம்.” அப்புறம்? “ஒருநா கூண்டுல ஏத்துனாங்க. அடிச்சவன் இங்க இருக்கானான்னு கேட்டாங்க. இருந்தான். காமிச்சேன்.”

“கைய நீட்டியா ஆச்சி?”

“ஆமா. இந்தா, இப்படித்தான்.”

எந்திரித்து நின்று கையை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தி கைதட்டினாள். எட்டு வயசுக்காரி தானும் எந்திரித்துக் கையை நீட்டிப் பார்த்தாள். “கேசு என்னாச்சு?” என்று கேட்டார்கள். “கேசு நிக்கல. சாட்சி பத்தலன்னுட்டாங்க.” அப்புறம்? அப்புறம் ஓடிப்போன ஆம்பளைகள் திரும்பி வந்தது, உடைந்த வீட்டை மறுபடி கட்டியது, யார் யார் பானை கொடுத்தார்கள், எந்தக் கொழுந்தன் அந்தச் சமயம் பார்த்து ஏமாற்றினான் என்று போய்க்கொண்டே இருந்தது. எட்டரை மணிக்கு நான்தான் நிறுத்தினேன்.

எல்லாரும் போன பிறகு, நடுவில் ஒரு இடத்தை அவர் தாண்டிப் போனதை மெதுவாகக் கேட்டேன். பெண்டுகளைத் தனியாக வண்டியில் ஏற்றிய இடம். ஆச்சி முந்தானையை உதறிக்கொண்டே சொன்னார்: “அதச் சொல்லுத வயசு எனக்கே இன்னும் வரல தாயி.”

அடுத்த சனிக்கிழமை கணக்குப் பாடத்துக்கு முன்னாலேயே பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பையன் ஆறு வயசுத் தங்கச்சியையும் கூட்டிவந்திருந்தான். ஆச்சி அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, போன வாரம் எங்கே விட்டோம் என்று கேட்டார்.